இருபத்தாறு துளி

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டை என் மனைவி வாங்கிக் கொடுத்தாள். அன்பினால் இல்லை. நேற்று சாப்பிடும்போது நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேனாம், கடிகாரம் பார்த்திருக்கிறாள். "இனிமே குளத்தப் பத்தின பேச்செல்லாம் இதுல எழுதுங்க. எனக்கு இருக்கறதே ரெண்டு காது" என்றாள். தான் படிக்க மாட்டேன் என்று தையல் மெஷின்மேல் கைவைத்துச் சத்தியமும் செய்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய சத்தியம்.

ஆகவே எழுதுகிறேன். தண்ணீர் சரியில்லை. பதினோரு வருடமாக இந்தக் குடியிருப்பின் குளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்படிப் பாலாக வெளுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆழமான பக்கத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. மூன்று நாளாக அது கண்ணில் படவில்லை. குளத்தை மூடி வைத்துவிட்டேன்.

சோதனைப் பெட்டியை எடுத்துக் காரத்தன்மை பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பச்சை நிறம் சிவப்பாகும்வரை எண்ண வேண்டும். பத்துத் துளியில் மாறினால் நல்ல தண்ணீர். எனக்கு இருபத்தாறு ஆயிற்று. கை தவறியிருக்கும் என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் இருபத்தாறு.

தண்ணீரை மாற்றினால் என்ன என்று எவனும் சுலபமாகக் கேட்டுவிடுவான். மழைநீர்த் தொட்டி வற்றி மூன்று மாதம் ஆகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் விடுகிறோம். அதுவே இருபத்தைந்து துளி.

மார்ச் 5, வியாழன்

லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழுக் கூட்டம். பொருள்: "பயன்பாடற்ற நீச்சல் குளத்தை மண்ணிட்டு நிரப்பி வாகன நிறுத்துமிடமாக மாற்றுவது." வீட்டுக்கு ஒரு ஓட்டு.

பயன்பாடற்ற! மூடி மூன்று நாள்தான் ஆகிறது!

சங்கப் பொருளாளரின் வேலை இது. அவர் இரண்டாவது கார் வாங்கிவிட்டார். அது தெருவில் மரத்தடியில் நின்று பறவைகளிடம் அவமானப்படுகிறது. இன்று குளத்தோரம் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் ஓரத்திலிருந்து ஓரம்வரை அடி போட்டு நடந்தார். "ஒம்பது வண்டி நிக்கும் போலிருக்கே" என்றார் என்னிடம். என்னிடமே.

பம்ப் அறைக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை அறை வீடு குளத்துக்காரனுக்கு என்று கொடுத்தது. குளம் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். மனைவியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னல். இந்த அடுக்கில் பாதிப் பேருக்கு அதன் கீழே உட்கார்ந்துதான் உடுப்பு தைத்துத் தருகிறாள். "இந்த மெஷினத் தூக்கிட்டு நான் எங்க போறது?" என்றாள். அவள் திட்டாமல் இருந்தால் எனக்குப் பயம்.

மார்ச் 6, வெள்ளி

கிடைத்துவிட்டது வழி!

சோதனைப் பெட்டியின் அடியில், பதினோரு வருடமாக நான் பிரிக்காத ஒரு தாள். தலைப்பு: "காரத்தன்மையைக் குறைக்கும் முறை." அதில் தெளிவாக இருக்கிறது: குளத்து நீரில் நன்றாகக் காற்றுப் படச் செய்யுங்கள். நீரூற்று, மேலிருந்து விழும் நீர், எதுவானாலும் சரி. படம்கூடப் போட்டிருக்கிறார்கள்.

தாளைத் தொலைத்துவிடக் கூடாது என்று பம்ப் அறைச் சுவரில் பசை தடவி நாலு மூலையும் அழுந்த ஒட்டினேன். ஓரங்களுக்கு டேப்பும் போட்டேன். நான் செய்தால் எதையும் பாதியில் விடுவதில்லை.

மாலைக்குள் பி.வி.சி. குழாயை வெட்டி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நூற்றிருபது ஓட்டை போட்டு, நீர் திரும்பி வரும் வாயில் பொருத்தி நிமிர்த்தி நிறுத்தினேன். பம்பைப் போட்டதும் ஆள் உயரத்துக்கு எழும்பிச் சடசடவென்று விழுந்தது பாருங்கள், நானே கைதட்டிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பகல் முழுவதும் ஊற்று ஓடுகிறது. எல்லோரும் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் போல வலையால் இலை அள்ளிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்கு மட்டும் ரசிக்கத் தெரியவில்லை. "இந்தச் சத்தத்துல ஒரு சட்டைக்குக் கை வெக்கறதுக்குள்ள நாலு தரம் எழுந்து போக வேண்டியிருக்கு" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். முறைத்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

இருபத்தாறு துளி.

ஐந்து நாள் ஊற்று ஓடியும் ஒரு துளி குறையவில்லை. சரி, அதாவது பரவாயில்லை. தண்ணீர் முன்னைவிட வெளுத்துவிட்டது. பி.எச். பார்த்தேன், மஞ்சள் என்றால் குறைவு, ரோஜா நிறம் என்றால் அதிகம். அட்டையில் இருக்கும் கடைசி ரோஜாவையும் தாண்டி, கல்யாண வீட்டுப் பந்தல் துணி நிறத்துக்குப் போயிருக்கிறது.

பொருளாளர் வந்து பார்த்தார். "முயற்சிக்குப் பாராட்டுக்கள்" என்றார். இந்த மனிதர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மார்ச் 11, புதன்

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் இது என் நோட்டு.

மதியம் டீ கொண்டுவந்த மனைவி சுவரில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதோட மறுபக்கம் எங்க?"

"மறுபக்கமா? அது சுவத்துப் பக்கம் இருக்கு."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

நான் டீயைக் குடித்தேன். அவள் விரல் நகத்தால் கீழ் ஓரத்து டேப்பைக் கிளப்பினாள். டேப்புக்கு அடியில் பொடி எழுத்தில்: "மறுபக்கம் பார்க்க."

ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, இருவரும் ஒரு மணி நேரம் உரித்தோம். பாதி தாளோடு வந்தது, பாதி சுவரிலேயே தங்கிவிட்டது, அதுவும் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக. அவள் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து சுவருக்கு நேரே பிடித்துப் படித்தாள், நான் எழுதிக்கொண்டேன். "முதலில் அமிலம் சேர்க்கவும். அமிலம் சேர்க்காமல் காற்று மட்டும் படச் செய்தால் பி.எச். உயருமே தவிர, காரத்தன்மை குறையாது."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மட்டும் மெதுவாக என் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

மார்ச் 12, வியாழன்

இப்போது புரிகிறது. புரிந்ததை எழுதி வைத்தால்தான் என் மண்டையில் நிற்கும்.

அமிலம் விட்டால் காரமும் இறங்கும், பி.எச்.சும் இறங்கும். கீழே விழுந்த பி.எச்.சைத் தூக்க மருந்து போட்டால் காரமும் கூடவே ஏறிக்கொள்ளும்; பட்ட பாடு வீண். அங்கேதான் காற்று வருகிறது. அமிலம் பட்ட காரம் தண்ணீருக்குள் வாயுவாக மாறி அடைந்து கிடக்கிறது, மூடிய சோடா பாட்டிலில் இருப்பது போல. தண்ணீரை அடித்துக் குலுக்கினால் வாயு வெளியே ஓடிவிடும். பி.எச். தானாக ஏறும், காரம் மட்டும் இறங்கிய இடத்திலேயே இருக்கும். ஏறியதும் மறுபடி அமிலம். மறுபடி காற்று. இறக்கு, ஏற்று, இறக்கு, ஏற்று. அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை ஒத்துவராது.

இவ்வளவு நாளாக நான் மூடாத பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, அளந்து, ஓரமாகச் சுற்றி வந்து அமிலம் ஊற்றினேன். ஊற்று ஓடுகிறது.

மார்ச் 13, வெள்ளி

இருபத்துநாலு!!

மார்ச் 15, ஞாயிறு

இருபது துளி. கறுப்புக் கோடு மங்கலாகத் தெரிகிறது. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாத்தா தெரியுது" என்றாள். அவள் அகராதியில் இது பாராட்டு.

இந்த சந்தோஷம் பதினொரு மணிவரை. பதினொரு மணிக்குப் பொருளாளர் ஒரு கடிதத்தோடு வந்தார். தரைத்தளத்தில், குளத்தைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி எழுதியது. எல்லோரும் ஜட்ஜ் ஐயா என்போம். காய்கறிக்காரரிடம் பேசினாலும் தீர்ப்பு வாசிப்பது போலத்தான் பேசுவார். கடிதத்தின் நகலை எனக்கும் கொடுத்தார்கள்:

"மேற்படி நீரூற்று எழுப்பும் இடையறாத ஓசையானது, மனுதாரரின் அன்றாட வாழ்வில் அடிக்கடி நேர்வதும் தவிர்க்க முடியாததுமான குறுக்கீடுகளை விளைவிக்கிறது. உடனடி நிவாரணம் கோருகிறேன்."

பொருளாளர் முகத்தில் அப்படியொரு வருத்தம். நடிப்புக்குப் பரிசே கொடுக்கலாம். "என்ன பண்றது, பெரியவர் எழுதிட்டாரே. நிறுத்திடுங்க."

நிறுத்தினேன்.

மார்ச் 17, செவ்வாய்

இருபது துளியிலேயே நிற்கிறது. பி.எச். குளிக்கலாம் என்ற அளவின் கீழ்க்கோட்டிலேயே கிடக்கிறது, காற்று இல்லாமல் ஏறாது. ஏறாமல் இனிமேல் அமிலம் விட முடியாது. விட்டால் ஓடுகளின் இணைப்புப் பூச்சை அரித்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரே ஆறுதல், தண்ணீர் தெளிந்துவிட்டது. நாளை குளத்தைத் திறக்கலாம். ஆனால் அந்தக் காரத்தை இப்படியே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி பாலாகிவிடும், சரியாகக் கூட்டத்தன்று.

சுவரில் மிச்சமிருந்த எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்த மனைவி, கடைசி வரியில் நிறுத்தினாள். "இங்க பாருங்க. குளிக்கறவங்க தண்ணிய அடிச்சாலும் காத்துப் படும்னு போட்டிருக்கு. அந்தப் பசங்கள விட்டுக் குதிக்கச் சொல்லுங்களேன்."

குளத்தோரம் ஒரு பலகை இருக்கிறது. என் கையாலேயே சிவப்புச் சாயத்தில் எழுதினேன். குதிக்கக் கூடாது. தண்ணீர் அடிக்கக் கூடாது. பதினோரு வருடமாக எவனாவது காலை ஓங்கினாலே விசில் ஊதுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே விசில் மாமா.

மார்ச் 18, புதன்

மாலை ஐந்து மணி. பதினாலு பிள்ளைகள், அவரவர் பெற்றோரோடு. எல்லோரும் எருமை குட்டையில் இறங்குவது போலச் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கினார்கள். நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் நல்லாத் தண்ணி அடிங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. முன்பல் விழுந்த நாலாவது மாடிச் சிறுமி கேட்டாள்: "இது டெஸ்ட்டா மாமா?"

"டெஸ்ட் இல்லம்மா. நெசமாத்தான். காலால ஓங்கி அடிங்க."

"அடிச்சா விசில் ஊதுவீங்க. அப்புறம் அம்மாகிட்ட சொல்லுவீங்க."

"ஊத மாட்டேன்."

"அப்ப நீங்க மொதல்ல குதிங்க."

எனக்கு நீச்சல் தெரியாது. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை; மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆழம் குறைந்த பக்கமாகப் போனேன், சட்டையோடும் பேண்ட்டோடும். கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். வயிறுதான் முதலில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு மூன்றாவது மாடியில் கதவு திறந்தது.

நான் மூக்கிலும் வாயிலும் தண்ணீரோடு எழுந்து நின்றபோது குளம் போர்க்களமாகியிருந்தது.

மார்ச் 20, வெள்ளி

பதினேழு. இப்போது விசில் ஊதினால் ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம். ஐந்து முதல் ஏழுவரை அடி. பிள்ளைகள் கரையேறி வீடு போனபின் அமிலம். மறுநாள் பி.எச். பார்த்துச் சரியாக இருந்தால்தான் மறுபடி திறப்பேன். தண்ணீர் பாதி வெளியே போகிறது, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வருகிறது, இருந்தாலும் மொத்தத்தில் நாம்தான் ஜெயிக்கிறோம்.

ஜட்ஜ் ஐயா ஜன்னலில் நின்று பார்த்தார். இதற்கும் கடிதம் வரும் என்று காத்திருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

பதினாறு.

நாளை முதல் பள்ளித் தேர்வு. ஒரு பிள்ளையும் வராது.

மார்ச் 23, திங்கள்

வெறும் குளம். நான் ஒரு பலகையை எடுத்து ஓரமாக உட்கார்ந்து தண்ணீரை அடித்தேன். இரண்டு மணி நேரம். தோள்பட்டைதான் இறங்கியது.

மனைவி மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மூடி, பெட்டியின் வாரை இழுத்துப் பார்த்தாள். "சும்மாதான் பாத்தேன்" என்றாள். பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளத்துத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று நடந்ததை ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நோட்டு ஒருவர் இல்லை.

காலை ஆறு மணி. பம்ப் அறை வாசலில் ஜட்ஜ் ஐயா, கைத்தடியோடு. பதினோரு வருடத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. குளிர் குறைந்துவிட்டது என்றார். ஆமாம் என்றேன். குழாய்கள் எந்தக் கம்பெனி என்றார். சொன்னேன். அப்புறம் கதவைச் சாத்தினார்.

"அந்த ஊத்து... திரும்பப் போட முடியுமா?"

"நீங்கதானே ஐயா நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தீங்க?"

"கொடுத்தேன். அப்ப எனக்கு முழு விவரம் தெரியல." தடியின் பிடியைத் திருகினார். "ரெண்டு வருஷமா எனக்கு ஒரு தடை இருக்கு."

"எதுக்கு ஐயா தடை?"

"எதுக்குன்னு கேக்காதீங்க. யோசிங்க."

யோசித்தேன். குழாயைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மனைவி நாலு தரம் எழுந்து போனது ஞாபகம் வந்தது.

"மாத்திரை, வைத்தியம் எல்லாம் பாத்தாச்சு. அரை மணி நேரம் நின்னாலும் ஒண்ணும் நடக்காது. அந்தச் சத்தம் ஓடின பத்து நாளும், சொன்னா நம்ப மாட்டீங்க, எட்டு தரம், ஒம்பது தரம். இதென்ன தொல்லைன்னு எரிச்சல்ல எழுதிட்டேன். நிறுத்தினப்புறம்தான் தெரிஞ்சுது, நான் என்னத்த நிறுத்தினேன்னு."

"வீட்டுக் குழாயத் திறந்து வெச்சா?"

"வெச்சுப் பாத்தாச்சு. அதுக்கு அந்த அதிகாரம் இல்ல."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பம்பின் மீட்டரைப் பார்த்தேன். சிரித்திருந்தால் என் குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும். காலை ஒரு மணி நேரம் போட்டால் போதும் என்றார். எனக்கு ஒரு மணி நேரம் போதாது ஐயா, சனிக்கிழமைவரை பகல் முழுவதும் வேண்டும் என்றேன்.

"பகல் முழுக்கவா? நான் எப்பத்தான் உக்காருவேன்?"

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. காலை எட்டுவரை அவர் வீட்டில் இருப்பார். அப்புறம் மாலைவரை நூலகத்துக்குப் போய்விடுவார். பொருளாளருக்குத் தன் கையாலேயே ஒரு வரி எழுதினார்: "மனுதாரருக்கு ஆட்சேபம் இல்லை, ஊற்று ஓடலாம்."

வாசலில் நின்று, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்றார். தலையாட்டினேன். பம்பைப் போட்டேன். சத்தம் எழும்பியதும் அவர் நடை திடீரென்று வேகமாயிற்று.

மார்ச் 26, வியாழன்

பதிமூன்று.

மனைவி மெஷினில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னவென்று கேட்டால் நூல் அறுந்தது என்கிறாள். நூல் அறுந்தால் யாராவது சிரிப்பார்களா? இந்த நோட்டு நேற்று வைத்த இடத்தில் இல்லாமல் ஒரு விரல்கடை தள்ளியிருந்தது.

மார்ச் 28, சனி

பதினொன்று. கறுப்புக் கோடு மட்டுமில்லை, அதன் ஓரத்தில் உடைந்த ஓடு, அதில் ஒட்டியிருக்கும் தலைமுடி எல்லாம் தெரிகிறது. முடியை எடுத்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

கூட்டம் குளத்தோரத்திலேயே நடந்தது. பொருளாளர் மூன்று வாரம் முன்பே இடம் குறித்திருந்தார், பால் தண்ணீரைப் பின்னணியில் வைத்துப் பேசலாம் என்று. பாவம், எல்லோரும் அவரை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்தார்கள்.

ஆனாலும் கார் வைத்திருப்பவர்கள் கார் வைத்திருப்பவர்கள்தான். இருபத்துமூன்று வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். இருபத்திரண்டு பேர் கை தூக்கியபின் பதினொன்றுக்குப் பதினொன்று. கை தூக்காதவர் ஜட்ஜ் ஐயா மட்டும். பொருளாளர் உற்சாகமாகிவிட்டார். பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்து, "ஐயாவே குளத்தால பாதிக்கப்பட்டவர்" என்று "தவிர்க்க முடியாததுமான குறுக்கீடுகளை" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

ஜட்ஜ் ஐயா தடியை ஊன்றி எழுந்தார். "அந்தக் கடிதத்த வாபஸ் வாங்கறேன். குளம் இருக்கணும். ஊத்தும் இருக்கணும், தினமும் காலைல."

"காரணம் தெரிஞ்சுக்கலாமா ஐயா?" என்றார் பொருளாளர்.

"தனிப்பட்ட காரணம்."

"இல்ல, குறிப்புல எழுதணும்ல..."

"இது குறிப்புல ஏறாது."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மெஷின்மேல் செய்த சத்தியம் என்ன ஆயிற்று என்று. கேட்கவில்லை. பன்னிரண்டுக்குப் பதினொன்று.

மார்ச் 30, திங்கள்

பத்துத் துளி. மெஷின் ஜன்னலடியிலேயே இருக்கிறது. பெட்டியின் வாரை அறுத்து எனக்குச் சாவிக்கயிறு பண்ணிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 20, திங்கள்

ஏழு துளி. தினமும் காலையில் ஊற்று ஓடுகிறது, பி.எச். ஏறுகிறது, நான் அமிலம் விடுகிறேன், காரம் இறங்கிக்கொண்டே போகிறது. இருபத்தாறைக் குறைக்க ஒரு மாதம் உயிரை விட்டவன், இனி அதை ஏற்றுவதற்குச் சமையல் சோடா மூட்டை வாங்க வேண்டும். தொட்டியில் மழை விழுந்துவிட்டது. குளத்துக்கு இனி மழைநீர்தான், காரத்தை ஏற்றிவிடக் கிணற்றுத் தண்ணீரும் கைகொடுக்காது. ஊற்றை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தாளின் மறுபக்கத்திலேயே இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பம்பைப் போட்டேன். தரைத்தளத்தில், ஜட்ஜ் ஐயா வீட்டுக் குளியலறையின் சின்ன ஜன்னலில் விளக்கு எரிந்தது. நான் நூறுகூட எண்ணியிருக்க மாட்டேன், அணைந்துவிட்டது.

சோடா வாங்கிவிடலாம்.